வாசித்தான், விளங்கிற்றா?
தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பயிற்சிகள் குறித்து ஒரு திறனாய்வு

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில் விடியற்காலையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். நிறுவனப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞரையும் இளம்பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. முந்தைய தலைமுறையில் பாலாற்றங்கரையில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். ஏறத்தாழ எல்லாரும் பள்ளியில் படித்தவர்கள். ஆகவே, எழுத்தறிவின்மை என்னும் பழைய நோய் நம் பகுதியை விட்டு நீங்கிவிட்டது என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை 2023-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஓர் இளைஞன் கலைத்தான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன். ஒப்பந்தக்காரர் ஒருவரின்கீழ் ஓராண்டு வேலை செய்தவன். வேலையின்போது வலக்கையின் இரு விரல்கள் நசுங்கின. விடுப்பு முடிந்து திரும்பியபோது இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தான் கையொப்பமிட்டிருந்த தாளின் நகலை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தான். தமிழில் அச்சான தாள்தான். "படி தம்பி" என்றோம். ஓரிடத்திலும் தடுக்காமல், நிறுத்தற்குறி பிழையாமல், கோயிலில் வாசகம் வாசிப்பவனைப் போலப் படித்தான். பணிக்காலத்தில் ஏற்படும் உடற்குறைவினால் பணியினின்று விடுவிக்கப்படும் நிலையில் எவ்வித இழப்பீடும் கோரப்படமாட்டாது என ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பது அதன் நடுப்பகுதி.

"யார் விடுவிப்பது? யார் கோரமாட்டார்? யார் ஒப்புக்கொள்வது?" என்று கேட்டோம்.

நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இன்னா சாமி, அதுல யார் பேரும் இல்லியே" என்றான்.

அவன் சொன்னது சரியே. அந்த வாக்கியத்தில் செய்பவர் எவரும் இல்லை. எல்லாம் தாமே நிகழ்கின்றன. விடுவிக்கப்படுகிறது, கோரப்படுவதில்லை, ஒப்புக்கொள்ளப்படுகிறது. அந்தத் திரைக்குப் பின்னே, விடுவிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். கோரக்கூடாதவனும் ஒப்புக்கொண்டவனும் தானே என்பது கையொப்பமிட்ட நாளில் அவனுக்குத் தெரியவில்லை. அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்லியிருந்தது. ஆயினும், தான் எதை விட்டுக்கொடுத்தோம் என்பதையே அறியாதவன் சட்டத்தின் கதவை எங்ஙனம் தட்டுவான்?

"பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டுவினை படித்தாயா?" என்று கேட்டோம். முகம் மலர்ந்தது. "படிச்சேன் சாமி. 'ஆல்' சேர்க்கணும், கடைசியில 'பட்டது' போடணும். அதுல எனக்கு முழு மார்க்கு." அவன் வாசிக்கவும் கற்றிருந்தான், இலக்கணமும் கற்றிருந்தான். இரண்டும் சேர்ந்து ஒரு வாக்கியத்தின் பொருளை அவனுக்குத் தரவில்லை. குறை அவனுடையது அன்று என்று தெளிந்தோம். அதன் வேரைத் தேடித் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பயிற்சி ஏடுகளைப் புரட்டத் தொடங்கினோம். இக்கட்டுரை அத்தேடலின் விளைவு.

பத்தியும் வினாவும்

படித்துப் பொருளுணர்தல் என்னும் பயிற்சியை அறியாத பெற்றோர் இரார். ஐந்தாறு வரிகளில் ஒரு பத்தி. கீழே நான்கைந்து வினாக்கள். பிறகு கோடிட்ட இடம், எதிர்ச்சொல், பொருத்துக. அரசுப் பள்ளியின் ஏடாயினும், தனியார் பதிப்பகத்தார் விற்கும் பயிற்சி நூலாயினும், திருச்சபையின் பள்ளிகள் தயாரித்து வழங்கும் தாளாயினும் வார்ப்பு பெரும்பாலும் ஒன்றே. வினாவில் உள்ள சொற்கள் பத்தியின் ஏதேனும் ஒரு வரியில் அப்படியே இருக்கும். குழந்தை விரலை ஓட்டிச்சென்று அவ்வரியைக் கண்டுபிடிக்கும், வினாச்சொல்லை எடுத்துவிட்டு மீதியை எழுதும், சரிக்குறி பெறும்.

இதில் பொருளுணர்தல் எங்கே இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க விரும்பினோம். பங்குக் கூடத்தில் மாலையில் படிக்க வரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நாமே புனைந்த மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதினோம்.

"மிங்கலன் கிணுப்பையில் திமுளினான். அவன் இரண்டு பிசுங்கிகளைத் தருட்டினான். அவற்றைத் தன் தங்கைக்குக் கொடுத்தான்."

கீழே மூன்று வினாக்கள்: மிங்கலன் எங்கே திமுளினான்? அவன் எவற்றைத் தருட்டினான்? அவற்றை யாருக்குக் கொடுத்தான்?

பிள்ளைகள் மளமளவென்று எழுதினார்கள். கிணுப்பையில் திமுளினான். இரண்டு பிசுங்கிகளைத் தருட்டினான். தன் தங்கைக்குக் கொடுத்தான். எல்லாம் சரி. கையெழுத்தும் அழகு. ஒரே ஒரு சிறுமி மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "சாமி, பிசுங்கின்னா இன்னா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வழக்கமான முறையில் திருத்தினால் அன்று சுழியம் பெற வேண்டியவள் அவளே. ஏனெனில் அவள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அக்கூட்டத்தில் பொருளைத் தேடி வாசித்தவள் அவள் ஒருத்திதான். நமது பயிற்சிமுறை முழு மதிப்பெண் வழங்கியது தேடாதவர்களுக்கு. இந்தத் தலைகீழ் நிலை ஒரு நாள் விளையாட்டோடு முடிவதில்லை. ஐந்து ஆண்டுகள் நாள்தோறும் நடைபெறும்போது, 'விளங்காவிட்டாலும் விடை எழுதலாம்' என்பதே குழந்தை கற்றுக்கொள்ளும் முதற்பாடம் ஆகிவிடுகிறது. அப்பாடத்தை நன்கு கற்றவனே, விளங்காத தாளில் கையொப்பமும் இடுகிறான்.

அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் டொலோரஸ் டர்கின் 1978-79-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. நான்காம் வகுப்பறைகளில் அமர்ந்து, வாசிப்புப் பாடம் நடந்த 4,469 நிமிடங்களை அவர் கூர்ந்து நோக்கினார். பொருளுணர்வது எப்படி என்று உண்மையில் கற்பிக்கப்பட்ட நேரம் 20 நிமிடங்கள் மட்டுமே. ஆசிரியர்கள் வினாக் கேட்டார்கள், விடைகளைச் சரிபார்த்தார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். பொருளுணர்வைச் சோதித்தார்களேயன்றிக் கற்றுக்கொடுக்கவில்லை. வெள்ளத்தின் ஆழத்தை நாள்தோறும் அளந்து எழுதிவிட்டு, நீச்சல் மட்டும் சொல்லித்தராமல் விடுவதைப் போன்றது இது. அந்நாட்டின் குறை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

குழந்தைகள் அறிந்த இலக்கணம்

மீண்டும் மிங்கலனிடம் வருவோம். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயினும் எங்ஙனம் பிழையின்றி விடை எழுதினார்கள்? 'எங்கே' என்றதும் 'இல்' என்று முடியும் சொல்லை எடுத்தார்கள். 'எவற்றை' என்றதும் 'ஐ' உருபு ஏறிய சொல்லை எடுத்தார்கள். 'யாருக்கு' என்றதும் 'கு' உருபைத் தேடினார்கள். ஏழாம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்னும் பெயர்களைக் கேட்டிராத பிள்ளைகள் அம்மூன்றையும் கணப்பொழுதில் பிரித்தறிந்தார்கள். தாய் மடியில் கற்ற இலக்கணம் அது.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். பொருளுணர்தல் என்ற பெயரில் நடக்கும் பயிற்சி, குழந்தை ஏற்கெனவே அறிந்த வேற்றுமை உருபைச் சோதிக்கிறது. இலக்கணம் என்ற பெயரில் நடக்கும் பயிற்சியோ, பெயர்களை நினைவில் வைக்கும் ஆற்றலைச் சோதிக்கிறது. இரண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய பாலம் எவராலும் கட்டப்படவில்லை. இலக்கணம் பொருளுக்கு வழி என்பதும், பொருள் தேடும்போதே இலக்கணம் தேவைப்படுகிறது என்பதும் பிள்ளைக்குச் சொல்லப்படுவதே இல்லை.

பழைய உரையாசிரியர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். 'புலி கொல் யானை' என்னும் தொடரைத் தொல்காப்பிய மரபு எடுத்துக் காட்டுவது எதற்காக? கொன்றது புலியா, யானையா என்று கேட்கச் செய்வதற்காகத்தான். உருபு மறைந்த இடத்தில் பொருள் இரண்டாகப் பிரிகிறது. கேட்பவன் சூழலை நோக்கித் தெளிய வேண்டும். இலக்கணம் அங்கே பொருளின் வாயிற்காவலாக நிற்கிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் புதிராகச் சொன்னால் கண்கள் விரிவதை நாம் கண்டிருக்கிறோம்.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்விக்கிறோம். 'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்னும் இரண்டையும் பலகையில் எழுதி, "இவற்றுள் ஒரகடத்தில் போய்க் கேட்கவேண்டியது எது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலாவது பணியைக் கேட்கிறது. இரண்டாவது முருகன் கையிலுள்ள வேலைக் கேட்கிறது. ஒற்றெழுத்து ஒன்று பொருளையே மாற்றிவிடுகிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கண்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

'உம்' என்னும் சிறு இடைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். "இந்த மாதமும் கூலி வரவில்லை" என்று ஒரு கதையில் வருகிறது. சென்ற மாதம் கூலி வந்ததா? பத்தியில் அதற்கு விடை எழுதப்பட்டிருக்காது. விரலை ஓட்டித் தேடினால் கிடைக்காது. 'உம்' சொல்கிறது, வரவில்லை என்று. இதற்கு எச்சவும்மை என்று பெயரிட்டு வரையறை எழுதச் செய்வது எளிது. அந்தச் சிறு சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் இரண்டு மாதத் துன்பம் அடங்கியிருப்பதைக் காணச் செய்வதல்லவா வாசிக்கக் கற்பித்தல்?

இலக்கண விதிகளைத் தனியே கற்பிப்பது எழுதும் திறனை உயர்த்துகிறதா என்ற கேள்வி மேலை நாடுகளிலும் பழையதே. 1963-இல் பிராடாக்கும் அவர்தம் தோழர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பயன் இல்லை அல்லது மிகச் சிறிது என்று முடிவு கூறினர். இதைக் கொண்டு இலக்கணமே வேண்டாம் என்று சொல்வோரும் உளர். நாம் அக்கருத்தினர் அல்லோம். தமிழ்க் குழந்தைக்கு இலக்கணம் கூடுதலாகவே தேவை. ஏனெனில் அது பேசும் மொழி வேறு, படிக்கும் மொழி வேறு. 'வந்தாங்க' என்று பேசும் பிள்ளை 'வந்தார்கள்' என்று வாசிக்கிறது. 'இன்னா' என்று கேட்கும் பிள்ளை 'என்ன' என்று எழுதுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கைபிடித்து அழைத்துச் செல்வதே தொடக்கப்பள்ளி இலக்கணத்தின் முதற்பணி.

முன்னோர் நடந்த வழி

இப்பணியை நம் நாட்டில் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். தொன்னூல் விளக்கம் இயற்றிய அவரே, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் தனியே ஓர் இலக்கணம் எழுதினார். இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட அந்நூல் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இத்தாலியிலிருந்து வந்த துறவி ஒருவர், சந்தையில் பேசும் தமிழுக்கும் ஒழுங்கு உண்டு, அதையும் கற்கவேண்டும் என்று கண்டார். நாமோ, நம் பிள்ளை வீட்டில் பேசும் தமிழை வகுப்பறை வாசலிலேயே செருப்பைப் போலக் கழற்றி வைக்கச் சொல்கிறோம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவில் வேறுபடுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தையும் அவர் பெயரோடு சேர்த்தே தமிழுலகம் போற்றுகிறது. வாசிப்பவன் இடறக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1850-களில் பாலபாடங்களை வரிசைப்படுத்தி எழுதினார். இலக்கணச் சுருக்கமும் இலக்கண வினாவிடையும் செய்தார். சொற்களைப் பிரித்து, நிறுத்தற்குறிகள் இட்டு, சிறுவர் பொருளை எட்டும்வண்ணம் உரைநடையை அமைத்தார். சமயத்தால் நம்மோடு மாறுபட்டு வாதிட்டவர்தாம். ஆயினும் பிள்ளைகளின் வாசிப்புக்கு அவர் செய்த தொண்டை மறைப்பது நன்றியன்று.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள், மணலில் எழுதுவார்கள். மணலில் எழுதும் அம்முறையைக் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பிலிருந்தபோது அதைக் கையாண்டார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் நூலாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் புகழ்பெற்றது. குறைந்த செலவில் மிகப் பலருக்கு எழுத்தறிவித்த முறை என்பது உண்மை. ஆனால் கூட்டமாய் ஒப்பிப்பதை அறிவென்று கொள்ளும் பழக்கமும் அதனுடன் வேரூன்றியது.

நம்மையும் நாம் விட்டுவிடக்கூடாது. 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' தொடங்கி, மறைக்கல்வியை வினா விடையாகவே கற்பித்து வந்துள்ளோம். அவ்வடிவம் நினைவில் நிறுத்த உதவிற்று. ஆயினும், வினாவைப் பிள்ளை கேட்பதற்கு அதில் இடமில்லை. வினாவும் நம்முடையது, விடையும் நம்முடையது. நம் ஞாயிறு வகுப்பில் பல ஆண்டுகள் இதையே செய்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில், தேரில் அமர்ந்து எசாயாவின் சுருளை உரக்கப் படித்துக்கொண்டிருந்த எத்தியோப்பியரிடம், படிப்பது விளங்குகிறதா என்றுதான் பிலிப்பு முதலில் கேட்டார். வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்பது அந்த அதிகாரியின் மறுமொழி. பிலிப்பு தேரில் ஏறி அருகே அமர்ந்தார்.

இன்றைய முயற்சிகள்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் தமிழக அரசு வாளாவிருக்கவில்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். 2022 ஜூன் மாதம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பயிற்சி ஏடு தருவது அதன் சிறப்பு. மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்தும் எழுத்தே அறியாத பிள்ளையை, எழுத்திலிருந்து தொடங்க வெட்கமின்றி அனுமதித்தது பெரிய நன்மை. பாடலும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள் வந்ததையும் பாராட்டுகிறோம்.

நாம் கேட்பது வேறு. அரும்பிலிருந்து மலருக்குச் செல்வதை எதைக்கொண்டு அளக்கிறோம்? எழுத்து, சொல், தொடர், பத்தி என்று நீளத்தைக்கொண்டு அளக்கும் போக்கே எங்கும் மேலோங்கி நிற்கிறது. ஊரகப் பிள்ளைகளின் நிலையை ஆராயும் 'ஏசர்' அறிக்கையும் இதையே செய்கிறது. தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவல்லோர் 2018-இல் நூற்றுக்கு 10.2 என்றும் 2022-இல் 4.8 என்றும் அது காட்டியது. 2024-இல் நிலை உயர்ந்தது. இவ்வெண்களைக் கண்டு நாடே பதறியது, பதறவேண்டியதும்தான். எனினும் அந்தச் சோதனை அடிப்படையில் பதிவு செய்வது பிள்ளை உரக்க வாசிக்கிறதா என்பதையே. நம் இளைஞன் அதில் முதல் நிலையில் தேறியிருப்பான்.

"எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் பொருளை எங்கே கற்பிப்பது? முதலில் வாசிக்கட்டும்" என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நேர்மையான கேள்வி. ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர் தாங்கும் பள்ளியில், பதிவேடுகளையும் நிரப்பிக்கொண்டு, ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு பணியாற்றுவோரை நாம் மேடையிலிருந்து குறைகூறத் துணியோம். ஆயினும் கஃப், டன்மர் என்னும் இருவர் 1986-இல் தந்த எளிய விளக்கம் இங்கு உதவும். வாசித்துப் பொருளுணரும் திறன் என்பது, எழுத்தைக் கூட்டும் ஆற்றலையும் மொழியைக் கேட்டு விளங்கும் ஆற்றலையும் பெருக்கினால் வருவது என்றார்கள். கூட்டினால் அன்று, பெருக்கினால். இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். ஆகவே ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்குவது என்னும் பேச்சுக்கே இடமில்லை. எழுத்து அறியாத பிள்ளைக்கும் கதையைப் படித்துக் காட்டி, "ஏன் அப்படிச் செய்தான்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்கலாம். பாட்டிமார் அதைத்தான் செய்தார்கள்.

பிள்ளை எதைப்பற்றி வாசிக்கிறது என்பதும் சிறிய செய்தி அன்று. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்தனர். வாசிப்பில் பின்தங்கியவர்களாயினும் ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டத்தை அறியாத மாணவர்களைவிடத் தெளிவாகப் பொருளுணர்ந்தார்கள். நம் பகுதிப் பிள்ளைகள் எத்தனையோ அறிவார்கள். கல்லுடைக்கும் கிரஷரில் தூசு எந்த நேரத்தில் மிகும் என்பதை அறிவார்கள். இரவுப்பணி முடித்து வரும் தாய் எந்நேரம் உறங்குவாள், அப்போது தம்பியை எங்கே கொண்டுபோய் விளையாட்டுக் காட்டவேண்டும் என்பதை அறிவார்கள். பாலாற்றில் எப்போது நீர் வரும், எங்கே மணல் பள்ளம் ஆழம் என்பதை அறிவார்கள். இவற்றை ஒட்டிய பத்திகளை உள்ளூர் ஆசிரியர்களே எழுதினால், மந்தமானவன் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளை வகுப்பில் முதலில் கை உயர்த்தும்.

பார்பியானாவின் பாடம்

இத்தாலியில் பிளாரன்ஸ் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர் பார்பியானா. 1954-இல் அம்மலைக்குன்றுக்கு அனுப்பப்பட்ட பங்குத்தந்தை லொரென்சோ மிலானி, பள்ளியில் தோற்று வெளியேறிய உழவர் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்னார். நாளிதழை வரிவரியாக வாசித்தார்கள். புரியாத சொல் வந்தால் அது விளங்கும்வரை அடுத்த வரிக்குச் செல்வதில்லை. ஏழையை ஏழையாகவே வைத்திருப்பது பணக்குறை மட்டுமன்று, சொற்குறையும்தான் என்று அவர் நம்பினார். அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து எழுதி 1967-இல் வெளியான, தம்மைத் தோற்கச் செய்த ஆசிரியைக்கான கடிதம் உலகெங்கும் படிக்கப்பட்டது, தமிழிலும் வந்துள்ளது. அந்நூல் வெளியான சில வாரங்களில், ஜூன் 26 அன்று மிலானி மறைந்தார். வாழ்ந்த நாளில் திருச்சபைக்குள்ளேயே ஐயத்தோடு நோக்கப்பட்ட அவருடைய கல்லறையில், 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சென்று செபித்தார்.

பார்பியானாவுக்கும் வாலாஜாபாத்துக்கும் தொலைவு மிகுதி. மிலானியின் கண்டிப்பு முழுவதையும் நாம் ஏற்கவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் தம் பிள்ளைகள் நாளை எந்தத் தாளில் கையொப்பமிடப் போகிறார்கள் என்பதை நினைத்து அவர் இன்றைய பாடத்தை அமைத்தார். அந்த நினைவு நமது பயிற்சி ஏடுகளில் இல்லை.

செய்யத்தக்கவை

பயிற்சி ஏடு ஆக்குவோரிடம் நாம் வேண்டுவது சிறிதே. ஐந்து வினாவில் இரண்டேனும், பத்தியின் எந்த ஒரு வரியிலும் விடை அப்படியே கிடைக்காத வினாவாக இருக்கட்டும். ஒன்றேனும் பிள்ளையே வினா எழுதும் இடமாக இருக்கட்டும். வாசித்ததைச் சுருக்கிச் சொல்லுதல், வினா எழுப்புதல், ஐயம் தெளிதல், வரப்போவதை ஊகித்தல் ஆகிய நான்கையும் பிள்ளைகளே முறைவைத்து நடத்தும் வழியைப் பாலின்சர், பிரௌன் என்போர் 1984-இலேயே காட்டியிருக்கிறார்கள். அதற்குச் செலவில்லை. இலக்கணப் பயிற்சியில் 'மாற்றி எழுதுக' என்பதோடு, 'மாற்றியதால் என்ன மறைந்தது?' என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

பெற்றோரிடம் வேண்டுவதும் சிறிதே. பிள்ளை பாடத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் செய்து, வீட்டுப் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். அவ்வாறு சொல்ல வராவிட்டால், எவ்வளவு அழகாகப் படித்திருந்தாலும் விளங்கவில்லை என்று கொள்ளுங்கள். மாத்திரை அட்டையையும், நியாயவிலைக் கடைப் பலகையையும், மின்கட்டண அறிவிப்பையும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், ஆகவே இக்குறை நம் பிள்ளைக்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். விளங்காமல் விடை எழுதும் பழக்கம் அங்கே இருமடங்கு எளிதாக வளரும். "இது புரியல" என்று பிள்ளை சொல்லும்போது சிரிக்காதீர்கள், பிறரையும் சிரிக்கவிடாதீர்கள். நம் கூடத்தில் அன்று எழுந்து நின்ற சிறுமி, மறுவாரம் மிங்கலனைப் பற்றி நான்காவது வினா ஒன்றைத் தானே எழுதிக்கொண்டு வந்தாள்: மிங்கலன் பிசுங்கிகளைத் தானே வைத்துக்கொள்ளாமல் தங்கைக்குக் கொடுத்தது ஏன்? நமக்கு விடை தெரியவில்லை. பிள்ளைகள் அரைமணி நேரம் வாதிட்டார்கள்.

அந்த இளைஞனைப் பற்றி ஒரு சொல். இழந்த வேலை அவனுக்குத் திரும்பவில்லை. சில மாதங்கள் மாலையில் கூடத்துக்கு வந்து சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். தமிழ் வகுப்பு நடக்கும்போது பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு வேறோரிடத்தில் வேலை கிடைத்தது. ஒரு மாலை புதிய தாளொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். கையொப்பம் இன்னும் இடவில்லை.

"சாமி, 'படும்'னு முடியற எடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போட்டிருக்கேன். அஞ்சு எடம் வருது. யார் செய்வாங்கன்னு ஒண்ணுலயும் எழுதல. நாளைக்குப் போய்க் கேக்கட்டுமா?"

கேட்கச் சொன்னோம். மறுநாள் கேட்டுவந்தான். ஐந்தில் மூன்றுக்கு அலுவலகத்தில் விடை சொல்லி, பெயரை ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.